சான்றிதழ் வரும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி வாசியுங்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மூன்று நான்கு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை இருந்தால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம், இப்போதே வாசியுங்கள்.

குழித்துறையில் தாலுகா அலுவலகம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. ஆகவே ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு இங்கே வேலைக்குப் பஞ்சம் இல்லை. மனு எழுத, விண்ணப்பம் நிரப்ப, ஆன்லைனில் ஏற்றிய பேப்பர் என்ன ஆச்சு என்று பார்த்துச் சொல்ல, யாராவது ஒருவர் காலையில் படியேறி வந்துவிடுவார். முன்பெல்லாம் முதியோர் பென்ஷன், பட்டா, வாரிசுச் சான்று என்றுதான் வருவார்கள். இப்போது ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளுக்காக வருகிறார்கள். ஒரே வருடத்தில் மூன்று குடும்பம் வந்தது. மூன்று குடும்பத்தோடும் அலைந்து பார்த்ததில் எனக்கு உண்டான கருத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு குடும்பத்தை மட்டும் உதாரணத்துக்குச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மழை பெய்தால் வேலை இல்லை. அம்மா அண்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது போவதில்லை. பையனுக்கு நாலு வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஆனால் ரோட்டில் போகும் பஸ்ஸின் சத்தத்தை வைத்தே அது எந்த ரூட் பஸ் என்று தெரிந்து வாசலுக்கு ஓடுவான். "பேச்சு வரேல்ல சாரே, ஆனா ஒரு பாட்டு ரெண்டு தடவ கேட்டா முழுசும் படிப்பான்" என்றார் அந்த அம்மா. மாமியார் வீட்டில் சொல்லும் காரணம் இரண்டு. ஒன்று, அம்மா எப்போதும் மொபைலைக் கொடுத்து உட்கார வைத்ததால் வந்தது. இன்னொன்று, இந்தப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவதால் பிள்ளை குழம்பிப்போய்ப் பேசாமல் இருக்கிறது.

இரண்டும் தப்பு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வராது. அப்படி வருமென்றால் விளவங்கோடு தாலுகாவில் பாதிப் பேர் வாய் திறந்திருக்கமாட்டோம். தாயைக் குற்றம் சொல்லும் பழக்கமும் நம்மூரில் மட்டும் உள்ளதல்ல. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்ற பெயர் இன்றைய பொருளில் புழக்கத்துக்கு வந்தது. அதன்பின் இருபது வருடத்துக்கும் மேலாக, பாசம் காட்டாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று படித்த நிபுணர்களே பேசித் திரிந்தார்கள். பிள்ளையைப் பெற்றவர்களே எழுந்து மறுத்த பிறகுதான் அது அடங்கியது. ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பாவான பெர்னார்டு ரிம்லண்டு என்ற உளவியலாளர் 1964-ல் எழுதிய புத்தகம் அதில் பெரிய பங்கு வகித்தது. பிறப்பிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. பெற்றவளின் குணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நம் நாட்டுச் சட்டத்துக்கும் இது தாமதமாகத்தான் புரிந்தது. 1995-ம் வருட ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது. 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 வகையாக்கி, அதில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. அதாவது, இன்று நாற்பது வயதாகும் ஆட்டிசக்காரர் ஒருவர் பள்ளிக்கூட வயதில் இருந்தபோது அவருக்கு இந்த நாட்டில் சான்றிதழே கிடையாது. இருந்த ஒரே பெயர் "கிறுக்கன்".

அரசுத் தமிழில் இப்போது இதற்குப் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று பெயர். இந்தப் பெயரில் எனக்கு உடன்பாடு இல்லை. பஸ் சத்தத்தை வைத்து ரூட்டைச் சொல்லும் பிள்ளைக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்று யார் சொல்வது? நமக்குக் கேட்காத டியூப்லைட் இரைச்சல் அவனுக்குக் கேட்கிறது, காதைப் பொத்துகிறான். உலகம் அவனுக்குள் அளவுக்கு அதிகமாக வந்து விழுகிறது என்பதுதான் பலருடைய நிலை. ஆனாலும் விண்ணப்பத்தில் அந்தப் பெயர்தான் இருக்கும், பார்த்துப் பதற வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சான்றிதழ் வாங்கலாமா வேண்டாமா என்பதில்தான் குடும்பத்துக்குள் முதல் சண்டை. இந்த வீட்டில் பாட்டி ஒரே பிடியாக வேண்டாம் என்றார். பையனுக்கு மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள், நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் பேசும்போது இது தடையாகும் என்பது அவர் பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். நம்மூரில் பெண் பார்க்க வருகிறவர்கள் என்னவெல்லாம் விசாரிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சான்றிதழ் பீரோவுக்குள் இருக்கும் ஒரு காகிதம். அதைக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் காட்டினால் போதும். பிள்ளையின் நடத்தையைத்தான் ஊர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறதே! காகிதத்தை மறைத்தால் ஊர் பார்ப்பது நின்றுவிடாது, பிள்ளைக்கு வரவேண்டியதுதான் நின்றுபோகும். சின்ன வயதில் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான். குறிப்பிட்ட காலம் கழித்து மறுபடியும் பரிசோதித்துப் புதுப்பிப்பார்கள். பிள்ளை தேறினால் அதிலும் தெரியும்.

என்ன வரவேண்டியது என்று கேட்பீர்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் சட்டப்படி இவையெல்லாம் உண்டு. 6 வயது முதல் 18 வரை பக்கத்துப் பள்ளியிலோ விருப்பமான சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி. அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள். பிற்காலத்தில் உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீட்டிலும், அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டிலும் பங்கு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில், ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் கட்டணத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு, அதில் தெரபி செலவுக்கும் ஒரு வரம்புவரை இடமுண்டு. சாதாரண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. அம்மா போனால் எப்படியும் இலவசம்தான், அப்பாவோ தாத்தாவோ கூட்டிப்போகும்போது இது உதவும். சம்பளக்காரர்கள் பழைய வருமான வரி முறையில் இருந்தால் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய், 80 சதவீதத்துக்கு மேல் பாதிப்பென்றால் 1,25,000 ரூபாய் கழிக்கலாம். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்களிலேயே பலருக்கு இது தெரியாது. இதற்கெல்லாம் மேலே, மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை.

இந்த 2,000 ரூபாயைப் பற்றித்தான் பேச வேண்டும். சான்றிதழ் கிடைத்த அடுத்த மாதமே பணம் வந்துவிடாது. தகுதி பார்ப்பார்கள், நிதி ஒதுக்கீடு பார்ப்பார்கள், வரிசையில் நிற்கச் சொல்வார்கள். வந்த பிறகும் அது எதற்குப் போதும்? இந்தக் குடும்பம் பேச்சுப் பயிற்சிக்குத் தனியாரிடம் கூட்டிப் போகிறது. ஒரு தடவைக்கு 500 ரூபாய், வாரத்தில் மூன்று நாள். மாதக் கணக்கு 6,000. அம்மா அண்டி ஆபீசில் வாங்கிக்கொண்டிருந்த கூலி அதோடு நின்றது. ஆக, வரவில் ஒரு சம்பளம் குறைந்து, செலவில் ஒரு சம்பளம் கூடியிருக்கிறது. நடுவில் இந்த 2,000.

சட்டத்தின் 24-வது பிரிவு, மற்றவர்களுக்குத் தரும் அதே மாதிரி உதவியைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டிலிருந்து முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய். 25 சதவீதம் கூட்டினால் 1,500. அரசு அதைத் தாண்டித்தான் தருகிறது, சட்டத்தை மீறவில்லை. ஆனால் பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000 ரூபாய். தெலங்கானாவில் 4,016. நம்மைவிடப் பணக்கார மாநிலங்களா இவை? மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் இங்கே தெருவில் உட்கார்ந்து கேட்பது இந்தக் கணக்கைத்தான். செய்தியில் மறியல் என்று பார்க்கும்போது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சலித்துக்கொள்ளுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைவிட என்னை உறுத்துவது காலம். ஆட்டிசத்தில் இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரையுள்ள வருடங்கள் தங்கம். அந்த வயதில் கொடுக்கும் பயிற்சி பிள்ளைக்குள் போகிற மாதிரி பிறகு போகாது. எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் நம் நடைமுறை அந்த வருடங்களைத்தான் தின்கிறது. 2024 அக்டோபரில் விதிகளைத் திருத்தியபோது, சான்றிதழ் தருவதற்கான காலக்கெடுவை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டியிருக்கிறார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதம் என்பது அவன் வாழ்ந்த காலத்தில் பதினாறில் ஒரு பங்கு. நமக்கு அது ஒரு ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளி.

இந்தக் குடும்பம் ஐந்து தடவை அலைந்தது. எந்த அலுவலகம், யார் என்று எழுதமாட்டேன், யாரையும் மாட்டிவிடுவது நோக்கமல்ல. முதல் தடவை பரிசோதிக்க வேண்டியவர் விடுப்பு. இரண்டாம் தடவை ஆதாரில் பிறந்த தேதி தப்பு. மூன்றாம் தடவை கூட்டம். பிள்ளை அந்தக் கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்காமல் தரையில் உருண்டு அழுதான், கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். எந்தப் பிரச்சினைக்காகச் சான்றிதழ் கேட்கிறோமோ அந்தப் பிரச்சினையாலேயே சான்றிதழ் கிடைக்காமல் போகும் விசித்திரத்தை அங்கேதான் பார்த்தேன். நாலாவது தடவை பரிசோதனை, ஐந்தாவது தடவை கையெழுத்து. ஒவ்வொரு தடவையும் இரண்டு பஸ், ஒரு நாள் பால்வெட்டுக் கூலி. ஐந்து நாள் கூலியை இழந்துதான் ஒருவன் தன் உரிமையை நிரூபிக்க வேண்டுமா?

பரிசோதனை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இது பலருக்கும் உபயோகப்படும். ஆட்டிசத்துக்கு இந்தியாவில் 'இசா' என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள். 40 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண். மொத்தம் 70 வந்தால் ஆட்டிசம் என்று கணக்கு. மதிப்பெண் கூடக்கூடப் பாதிப்பு அதிகம். இங்கேதான் நம் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். டாக்டர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராது. "கண்ணைப் பார்ப்பானா?" என்றால் "பார்ப்பான் டாக்டர்." "கூட்டத்தில் இருப்பானா?" "கொஞ்சம் இருப்பான்." பரீட்சைக்கு வந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி காலையிலிருந்து பேர் சொல்லப் பழக்கிக் கூட்டி வருவார்கள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளை அமைதியாக இருந்துவிட்டால் மதிப்பெண் குறைந்துவிடும், பிறகு அப்பீல், அலைச்சல். ஆகவே போவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதுங்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான், என்ன சாப்பிடமாட்டான், என்ன சத்தத்துக்கு அலறுகிறான், தன்னைத்தானே அடித்துக்கொள்கிறானா, கழிப்பறைக்குச் சொல்லத் தெரியுமா. மொபைலில் இரண்டு மூன்று வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மோசமான நாளைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். அது பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதல்ல.

இன்னொன்று இதைவிட முக்கியம். பயிற்சிக்குச் சான்றிதழ் தேவையில்லை. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013-ல் தொடங்கியது. அதன் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு. அங்கே பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி எல்லாம் இலவசம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவே எழுதி அனுப்பலாம். வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒரு நாளும் இருக்க வேண்டாம். பேப்பர் ஒரு பக்கம் நடக்கட்டும், பயிற்சி இன்னொரு பக்கம் நடக்கட்டும்.

நம் பகுதிக்கு ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. குழித்துறைக்காரனுக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம். வசதியுள்ளவர்கள் பிள்ளையைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது, ஆக்குளத்தில் நிஷ் இருக்கிறது. நல்லது, போகட்டும். ஆனால் 1956 நவம்பர் 1-ல் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடைக்கும் உதவித்தொகை இந்தப் பக்கத்துக்காரனுக்குக் கிடையாது. அங்கே வாங்கிய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்து இங்கே பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். அதுவே சான்றிதழ் ஆகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இந்தப் பையனுக்கு எல்.கே.ஜி. இடம் கேட்டுப் போன ஒரு பள்ளியில், "மத்த பிள்ளைகளுக்குத் தொந்தரவு, நீங்க ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளியானாலும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 16-வது பிரிவு. ஆனால் ஆசிரியர் பக்கமும் நியாயம் உண்டு. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வார்? உலகக் கணக்குப்படி நூறு, நூற்றிருபது குழந்தைக்கு ஒரு குழந்தை ஆட்டிசத்தோடு இருக்கிறது. நானூறு பேர் படிக்கும் பள்ளியில் மூன்று நான்கு பேர். இது அபூர்வம் இல்லை, எல்லாப் பள்ளியிலும் உள்ளது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்பில் 15-க்கு ஒருவர் என்று சொன்னது. மூன்றரை வருடம் கழித்து, 2025 மார்ச் 7-ல், அந்தப் பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில்தான் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் வரும் சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25-க்கு உரிய 2,152 கோடியை, பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் சண்டையில் அடிபடுவது இந்தப் பிள்ளைகள். இரண்டு தரப்பு மேடைப் பேச்சிலும் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

நம்மூர் நர்சுகள் நிறையப் பேர் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு மாற்றுத்திறன் உதவித்தொகை தரும்போது முதலில் கேட்பது நோயின் பெயரை அல்ல. அதே வயதுள்ள வேறொரு பிள்ளையைவிட இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கூடுதல் கவனிப்பு தேவை என்பதைத்தான் கேட்கிறார்கள். அங்கேயும் நாற்பது பக்க விண்ணப்பம், காத்திருப்பு, தகராறு எல்லாம் உண்டு, சொர்க்கம் இல்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. நாம் பிள்ளையிடம் எத்தனை சதவீதம் குறை என்று கேட்கிறோம். அந்த அம்மாவின் நாளில் எத்தனை மணி நேரம் போகிறது என்று கேட்பதில்லை.

போலிச் சான்றிதழ்கள் உண்டே, அதனால்தானே இத்தனை கெடுபிடி என்று சிலர் சொல்கிறார்கள். போலி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பிடித்துத் தண்டியுங்கள். ஆனால் போலி தேடுபவன் வேலைக்கும் கல்லூரி இடத்துக்கும் தேடுவான். பேச்சு வராத நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாதம் 2,000 ரூபாய்க்காக ஐந்து தடவை பஸ் ஏறுகிறவள் எதற்குப் போலி செய்யப்போகிறாள்?

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. மாதத்தில் ஒரு நாள் மருத்துவரும் உளவியலாளரும் குழித்துறைக்கு வரட்டும். வாவுபலிப் பொருட்காட்சிக்கு வருடந்தோறும் அத்தனை ஸ்டால் போட்டு நடத்துகிற ஊருக்கு ஒரு அமைதியான அறை ஒதுக்க முடியாதா? ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளின் விண்ணப்பத்தைத் தனியாகப் பிரித்து முதலில் பார்க்கட்டும். உதவித்தொகையை உத்தரவு போட்ட நாளிலிருந்து இல்லாமல் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தரட்டும். தாமதம் அரசுடையது, நஷ்டம் மட்டும் எதற்குப் பிள்ளையுடையது? பிள்ளையைப் பார்க்க வேலையை விட்ட தாய்க்கு ஒரு ஈடு கொடுக்கட்டும். அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களைக் கவனிப்பவருக்கான படி பற்றி 24-வது பிரிவே பேசுகிறது. சிறப்பாசிரியர்களை நிரந்தரமாக்கட்டும். இதை வாசிக்கும் கவுன்சிலர்கள், கட்சிக்காரர்கள், சங்கத்துக்காரர்கள் என் நண்பர் பட்டியலில் நிறையப் பேர் உண்டு. மனுவை நான் எழுதித் தருகிறேன், கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நீங்கள் செய்யுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். பஸ்ஸிலோ பள்ளியிலோ கோயிலிலோ ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், "வளர்த்த வளர்ப்பு" என்று வாய்விட்டுச் சொல்லாதீர்கள். ஜன்னல் பக்கத்து இடத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், போதும்.

அந்தப் பையனுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது, 60 சதவீதம். பயிற்சி நடக்கிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்து ஏழு மாதம் ஆகிறது, இன்னும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறோம். இதே மாதிரி காத்திருக்கும் குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். தனித்தனியாகப் போவதைவிட நாலு பேராகச் சேர்ந்து போனால் கொஞ்சம் காதில் விழும். காலை ஏழேகால் பஸ்.